ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க்கைவிட இரண்டு சுமாரான ஹார்ட் டிஸ்க் மேல்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாமாவின் ஹார்ட் டிஸ்க் 'டிக்… டிக்…' என்று சத்தம் போட ஆரம்பித்தது. உள்ளங்கையில் அடங்கும் சிறிய கறுப்புப் பெட்டி. கணினியில் செருகினால் சத்தம் மட்டும்தான் வரும், கோப்புகள் வராது. மாமா அதைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போவதுபோல் ஈப்போவுக்கு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "நீ கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை, பாரு" என்றார். பார்த்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை சுங்கை சிப்புட் பக்கத்தில் என் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தின் படங்கள். லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில் திருவிழா, பெரட்டுக் களம், தோட்டப் பள்ளியின் காற்பந்துக் குழு எல்லாம் இருந்தன. ஏறக்குறைய அறுநூறு படங்களை மாமா பல மாதம் உட்கார்ந்து ஸ்கேன் செய்திருந்தார். அசல் படங்கள் கரையான் அரித்துப் போனதால் வீடு மாறும்போது தூக்கிப் போட்டுவிட்டார்கள். 'அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே' என்ற நம்பிக்கை. இவற்றோடு பாட்டியின் குரலும் இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போனது, மழை நாளில் வேலை இல்லாமல் கூலி போனது, தோட்டம் துண்டாடப்பட்டு அக்கம்பக்கத்தார் கலைந்து போனது என நான்கு மணி நேரம் பேசியிருந்தார். பாட்டி இப்போது இல்லை.

தரவு மீட்கும் கடையில் இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கேட்டார்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்லவும் மாட்டோம் என்றார்கள். கடைசியில் எங்களுக்கு மிஞ்சியது குடும்பப் புலனக் குழுவில் எப்போதோ பகிர்ந்த எண்பதோ தொண்ணூறோ மங்கலான படங்களும், பாட்டி பேசிய மூன்று நிமிட ஒலித்துண்டு ஒன்றும்தான்.

இனி இப்படி நடக்கக் கூடாது என்று நாங்கள் நான்கு பேர், அதாவது நானும் என் அத்தை மாமா பிள்ளைகளும், ஆளுக்கு 250 ரிங்கிட் போட்டு வீட்டிலேயே ஒரு சேமிப்புச் சேவையகம் அமைக்க முடிவெடுத்தோம். பெரிய விஷயமில்லை. சித்தப்பா ஒதுக்கிப் போட்ட பழைய மேசைக் கணினி ஒன்று, அதில் இலவசமாகக் கிடைக்கும் ஓபன்மீடியாவால்ட் போன்ற ஒரு மென்பொருள், வீட்டு இணையப் பெட்டியிலிருந்து ஒரு கம்பி. இவ்வளவு இருந்தால் வீட்டில் உள்ள எல்லாருடைய கைப்பேசியும் மடிக்கணினியும் அதில் கோப்புகளைப் போட்டு எடுக்கலாம். இதைத்தான் 'நாஸ்' என்கிறார்கள். செலவு வைப்பது உள்ளே போகும் ஹார்ட் டிஸ்க்தான். ஆயிரம் ரிங்கிட்டுக்குள் எதை வாங்குவது?

நாங்கள் கேட்ட முதல் கேள்வியே தவறானது என்று இப்போது நினைக்கிறேன். "எந்த பிராண்டு கெட்டுப் போகாது?" என்று கேட்டோம். ஒரு கடையில் ஒரு பெயரைச் சொன்னார்கள், அடுத்த கடையில் அதே பெயரைக் கேட்டதும் சிரித்தார்கள். வளாகத்தில் நண்பர்களிடம் கேட்டால் காற்பந்து ரசிகர்கள் மாதிரி இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை.

வரலாற்றைப் பார்த்தால் எந்தக் கட்சியும் வெல்ல முடியாது. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஐபிஎம் நிறுவனத்தின் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி அடிக்கடி பழுதானதால் அதைப் பயனர்கள் 'டெத்ஸ்டார்' என்றே கேலி செய்தார்கள். அதற்கு முன்பு ஐபிஎம் வட்டு என்றால் தரம் என்று பேசியவர்களும் அவர்களேதான். பிறகு சீகேட்டின் ஒரு 3 டெராபைட் மாதிரி அளவுக்கு மீறிப் பழுதாகி, 2016இல் அமெரிக்காவில் வழக்கு வரை போனது. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் முறை வந்தது. அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். ஆக, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நல்ல மாதிரியும் உண்டு, கெட்ட மாதிரியும் உண்டு. கெட்டது எது என்பது பலர் வாங்கி இரண்டு மூன்று ஆண்டு ஓட்டிய பிறகுதான் வெளியே தெரியும். அதற்குள் அந்த மாதிரி கடையிலேயே இருக்காது.

பிளாக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் தன் தரவு மையங்களில் ஓடும் வட்டுகளில் எந்த மாதிரி எத்தனை பழுதானது என்று 2013 முதல் வெளிப்படையாகக் கணக்கு வெளியிட்டு வருகிறது. இப்போது மூன்று இலட்சத்துக்கும் அதிகமான வட்டுகள் அந்தக் கணக்கில் உள்ளன. அண்மைய ஆண்டுகளில் மொத்தச் சராசரி ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அதாவது நூறு வட்டு ஓடினால் ஓராண்டில் ஒன்றோ இரண்டோ போகும். அது குளிரூட்டப்பட்ட கட்டடம். நம் வீட்டு மேசைக்கு அடியில் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசமாகவே இருக்கும்.

எஸ்டிபிஎம் கணிதம் படித்தவர்கள் இங்கே தாளையும் பேனாவையும் எடுங்கள். ஒரு வட்டு ஓராண்டில் பழுதாக 1.5 விழுக்காடு வாய்ப்பு. அதே விலையில் இரண்டு வட்டு வாங்கி ஒரே கோப்புகளை இரண்டிலும் வைத்தால், இரண்டும் ஒரே ஆண்டில் போக வாய்ப்பு 0.015ஐ 0.015ஆல் பெருக்கினால் வருவது. ஏறக்குறைய 4,400இல் ஒன்று. முதல் வட்டு போன அதே வாரத்தில் புதிது வாங்கிப் படி எடுத்துவிட்டால் ஆபத்து இன்னும் பல மடங்கு குறைகிறது. சரி, உங்கள் வட்டு சுமாரானது, ஆண்டுக்கு 3 விழுக்காடு பழுதாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சேர்ந்து போக வாய்ப்பு அப்போதும் 1,100இல் ஒன்றுதான். உலகத்திலேயே சிறந்த ஒற்றை வட்டு வாங்கினாலும் இந்த இடத்துக்கு வர முடியாது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'பத்து இலட்சம் மணி நேரம்' என்ற எண்ணைப் பார்த்தும் மயங்காதீர்கள். கணக்குப் போட்டால் 114 ஆண்டு வருகிறது! கொள்ளுப்பேரன் காலம் வரை ஓடும் என்று அதற்குப் பொருளில்லை. ஆயிரம் வட்டு ஓடினால் ஆண்டுக்கு எட்டு ஒன்பது பழுதாகும் என்பதைத்தான் அது வேறு விதமாகச் சொல்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான்: நம்மைப் போன்ற குடும்பங்கள் 'கெட்டுப் போகாத' வட்டைத் தேடிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். நேர்மையாக விற்கப்படும் நடுத்தர வட்டு இரண்டு வாங்கினால் போதும். ஆனால் 'நேர்மையாக' என்ற சொல்லை நான் சும்மா போடவில்லை. இந்தச் சந்தையில் ஏமாற்று இரண்டு வகையில் நடக்கிறது.

முதல் ஏமாற்று நிறுவனங்களே செய்தது. வட்டில் தகவலை எழுதும் முறை இரண்டு. சிஎம்ஆர் முறையில் தடங்கள் ஒன்றை ஒன்று தொடாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் முறையில் ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடம் ஏறி உட்கார்ந்திருக்கும். பழைய அத்தாப்புக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையின்மேல் அடுத்த வரிசை படிந்திருப்பதால் குறைந்த இடத்தில் நிறைய அடுக்கலாம். ஆனால் நடுவில் ஓர் ஓலையை மாற்ற வேண்டுமென்றால் அதற்கு மேலே உள்ளவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். எஸ்எம்ஆர் வட்டும் அப்படித்தான். ஒரு சிறு மாற்றத்துக்கு ஒரு பெரிய பகுதியையே திரும்ப எழுதும். படங்களைப் போட்டுவிட்டுச் சும்மா வைத்திருக்கும் வட்டுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் சேவையகத்தில் ஒரு வட்டு பழுதாகி, புதிய வட்டில் எல்லாவற்றையும் மீண்டும் நிரப்பும் நேரத்தில் இது காலை வாரிவிடும்.

2020 ஏப்ரலில் வெளியே வந்த செய்தி என்னவென்றால், வீட்டுச் சேவையகத்துக்கென்றே விற்கப்பட்ட டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான புதிய மாதிரிகள் எஸ்எம்ஆர் முறையில் செய்யப்பட்டவை. பெட்டியிலும் விவரக்குறிப்பிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. தொழில்நுட்ப இதழொன்று சோதித்தபோது, ஒரு நாளுக்குள் முடிய வேண்டிய மறுநிரப்பல் ஒன்பது நாளைத் தாண்டியது. அந்த ஒன்பது நாளில் மீதமுள்ள வட்டும் போனால்? வழக்குகள் வந்தன. அந்நிறுவனம் பிறகு எந்த மாதிரி எந்த முறை என்று பட்டியல் வெளியிட்டு, சிஎம்ஆர் வட்டுகளை 'ரெட் பிளஸ்' என்று தனிப் பெயரில் விற்கத் தொடங்கியது. சீகேட்டும் தோஷிபாவும்கூடத் தங்கள் சாதாரண மேசைக்கணினி வட்டுகள் சிலவற்றில் இதையே சொல்லாமல் செய்திருந்தது அப்போது தெரியவந்தது.

வாங்குபவர் செய்ய வேண்டியது எளிது. அட்டையில் உள்ள மாதிரி எண்ணைக் கைப்பேசியில் தட்டி, நிறுவனத்தின் பக்கத்தில் சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப், தோஷிபா என்300 ஆகியவை சிஎம்ஆர். பெயரில் 'பிளஸ்' இல்லாத ரெட்டும், சீகேட் பாரகூடாவில் பல அளவுகளும், கையடக்க வட்டுகளில் பெரும்பாலானவையும் எஸ்எம்ஆர். ஒரு கடையில் "ரெண்டும் ஒன்னுதான் தம்பி, பேரு மட்டும்தான் வேற" என்றார்கள். ஒன்றல்ல.

இரண்டாவது ஏமாற்று நம் நாட்டுக்கே வந்துவிட்டது. 2025 ஜனவரியில், பல ஆயிரம் மணி நேரம் ஓடித் தேய்ந்த சீகேட் வட்டுகள் புதியவை என்று விற்கப்படுவதாக ஜெர்மனியிலிருந்து செய்தி வெளியானது. அவற்றில் பல, மின்னிலக்க நாணயம் தோண்டும் பண்ணைகளில் ஓடியவை என்று கருதப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் மலேசிய அதிகாரிகளும் சீகேட் பாதுகாப்புக் குழுவினரும் சோதனை நடத்தி, ஏறக்குறைய 700 வட்டுகளைக் கைப்பற்றினார்கள். பழைய வட்டைத் துடைத்து, புதிய லேபல் ஒட்டி, அது ஓடிய நேரக் கணக்கைப் பூஜ்யமாக்கி, புதுப் பெட்டியில் போட்டு இணையச் சந்தையில் விற்றிருக்கிறார்கள். பழைய காரின் மீட்டரைத் திருப்பி விற்கும் கதையேதான்.

நாங்கள் இணையத்தில் ஆக மலிவாகப் பார்த்து, 'கூடை'யில் போட்டு வைத்திருந்த வட்டை இதைப் படித்த அன்றே நீக்கினோம். சந்தை விலையைவிட மிக மலிவாக ஒரு பெரிய வட்டு கிடைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். வாங்கிய உடனே வரிசை எண்ணை நிறுவனத்தின் பக்கத்தில் போட்டு உத்தரவாதக் காலம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். வீட்டுச் சேவையக வட்டுகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு, அதற்கு மேல் தரத்துக்கு ஐந்து ஆண்டு. 'கடை உத்தரவாதம் மட்டும்' என்றால் யோசியுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் வட்டு ஓடிய மணி நேரத்தைக் காட்டும். அதைத்தான் மோசடிக்காரர்கள் பூஜ்யமாக்குகிறார்கள் என்பதால், சீகேட் வட்டுகளில் 'ஃபார்ம்' என்ற இன்னொரு உள்பதிவையும் பாருங்கள். அதைத் திருத்துவது கடினம். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளால் படிக்கலாம். இரண்டு எண்ணும் பெரிய அளவில் பொருந்தாவிட்டால் வட்டைத் திருப்பிக் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் கோப்புகளைப் போடும் முன் முழு வட்டையும் ஒருமுறை சோதனை ஓட்டம் விடுங்கள். 4 டெராபைட் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த வட்டுகள் நமக்கு அந்நியப் பொருள் அல்ல. பினாங்கிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் இருந்தன. 1990களில் நம் ஈப்போவிலேயே சீகேட்டுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்தை விட்டு வெளியேறிய பலருடைய பிள்ளைகள் அந்தக் காலத்தில் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறி மின்னியல் வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய தோட்டத்துப் படங்களைக் காப்பாற்ற ஒரு வட்டு வாங்கும்போது இன்று நாம் கடையில் பேந்தப் பேந்த விழிக்கிறோம்.

எவ்வளவு பெரிய வட்டு வேண்டும்? இதிலும் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். இருபதாயிரம் படம், படத்துக்கு 4 மெகாபைட் என்றால் வெறும் 80 கிகாபைட். ஒரு மணி நேர கேசட்டைத் தரம் குறையாமல் பதிந்தால் ஏறக்குறைய 600 மெகாபைட், நூறு கேசட்டுக்கு 60 கிகாபைட். காணொளிதான் இடத்தைத் தின்னும். ஒரு குடும்பத்தின் நினைவுகளுக்கு 4 டெராபைட் தாராளம். '16 டெராபைட் வாங்கினால் டெராபைட்டுக்கு விலை குறைவு' என்பது கணக்குப்படி சரிதான், ஆனால் அந்தப் பணத்துக்குச் சின்ன வட்டு இரண்டு வாங்க முடியும் என்றால் சின்னதே மேல்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் இடம். இரண்டு வட்டையும் ஒரே பெட்டிக்குள் மாட்டி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாக விழும்படி செய்யலாம். இதை 'ரெய்டு' என்பார்கள். இணையத்தில் பெரும்பாலோர் இதையே சொல்கிறார்கள். எங்களுக்கும் முதலில் இதுதான் திட்டம். பிறகு மாற்றிக்கொண்டோம். காரணம், ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வட்டுக்கு மேலே நான் போட்ட கணக்கு பொருந்தாது. பேராக்கில் மாலை நேர இடி மின்னலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மின்னல் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். திருட்டு, வெள்ளம், தீ எல்லாம் அப்படித்தான். தம்பி ஒருவன் தவறுதலாக ஒரு கோப்பகத்தை அழித்தால் அடுத்த நொடி இரண்டிலும் அழிந்திருக்கும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அவற்றில் சிலவற்றுக்கு உலகில் வேறு பிரதியே கிடையாது. பிற்காலத்தில், 2005இல், ஈழத்தவர்கள் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகத்தில் இன்று பல்லாயிரம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் யாரும் எங்கிருந்தும் இறக்கிப் படிக்கலாம். இறக்கியவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி சேர்ந்துவிடுகிறது. ஒரே கட்டடத்தில் உள்ள ஒரே பிரதி எவ்வளவு அருமையானதோ அவ்வளவு ஆபத்தானது.

எனவே எங்கள் இரண்டு வட்டும் இரண்டு ஊரில் இருக்கின்றன. ஒன்று ஈப்போவில் சேவையகத்துக்குள் எப்போதும் ஓடுகிறது. மற்றது சுங்கை சிப்புட்டில் மாமா வீட்டு அலமாரியில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய டப்பாவுக்குள் தூங்குகிறது. மாதம் ஒருமுறை மாமா அதை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கு வருவார். புதிதாகச் சேர்ந்தவற்றைப் படி எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார். இணையம் வழியாகத் தானாகவே அனுப்பும்படியும் செய்திருக்கலாம். ஆனால் மாமா வருவது எல்லாருக்கும் பிடித்திருக்கிறது.

"இவ்வளவு தலைவலி எதற்கு, கூகுளில் போட்டுவிடலாமே" என்று வகுப்புத் தோழர்கள் கேட்கிறார்கள். போடுங்கள், அது மூன்றாவது பிரதியாக இருக்கட்டும். ஆனால் இலவசமாகக் கிடைப்பது 15 கிகாபைட். கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டது 2021 ஜூன் முதல் தேதியோடு முடிந்தது. கல்விக் கணக்குகளுக்கான எல்லையற்ற இடமும் 2022இல் முடிந்தது. பல்கலைக்கழகக் கணக்கில் குடும்பப் படங்களைப் போட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி: பட்டம் வாங்கிய பிறகு அந்தக் கணக்கு எவ்வளவு நாள் உங்களுடையது என்று கேட்டுப் பார்த்தீர்களா?

எங்கள் குடும்பத்தோடு இதை நிறுத்த எனக்கு மனமில்லை. மாணவர் குறைந்த தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் வேறு ஊருக்கு இடம் மாறுகின்றன. தோட்டக் கோயில்களும் நிலம் கைமாறும்போது இடம் பெயர்கின்றன. அவற்றின் ஆண்டு மலர்களும் திருவிழாப் படங்களும் பெரும்பாலும் ஒரு தலைவர் வீட்டு அலமாரியிலோ ஒரு செயலாளரின் பென்டிரைவிலோதான் இருக்கின்றன. பரிசளிப்பு விழா மேடைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், இரண்டு வட்டு வாங்கி இரண்டு பேர் வீட்டில் வைக்கலாம். இதை அந்தத் தலைவர்களிடம் எடுத்துச் சொல்லி, செய்தும் கொடுக்கக்கூடியவர்கள் இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழக மாணவர்களான நாம்தான். ஒரு பள்ளி விடுமுறை வாரத்தில் முடிகிற வேலை.

எங்கள் சேவையகத்தில் இப்போதைக்கு இருப்பது மிகக் குறைவு. மங்கலான அந்தப் படங்கள், உறவினர்களிடம் தேடிப் பிடித்த இருநூறு படங்கள், பாட்டியின் மூன்று நிமிடக் குரல். சென்ற மாதம் கிள்ளானில் இருக்கும் பெரிய அத்தை தொலைபேசியில் அழைத்து, பிஸ்கட் டின் ஒன்றில் பழைய கேசட்டுகள் சில கிடைத்திருப்பதாகச் சொன்னார். 1980களில் தோட்டத்தில் பதிந்தவையாம், தாத்தா பேசியதும் இருக்கலாமாம். வட்டு தயார், இடமும் நிறைய இருக்கிறது. கேசட்டை ஓட்டத்தான் ஒரு பழைய ரிக்கார்டர் கிடைக்கவில்லை. ஈப்போ பக்கம் யார் வீட்டிலாவது ஓடும் நிலையில் ஒன்று இருந்தால், ஒரு வாரம் இரவல் தாருங்கள்.